நாளந்தா மாவட்டத்து 74 பள்ளிகள்

கணக்கு, அறிவியல், வாசிப்பு என்று சோதித்து முடித்த கையோடு, 2015ல் பீசா என்னும் சர்வதேசத் தேர்வு எழுதிய பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல் என்றார்கள். இதற்குச் சரியான விடை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. இருந்தும் அந்த ஆண்டு முடிவுகளில் நின்று படிக்கவேண்டிய பகுதி இதுதான். பீசாவை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி விடை 7.3. தேர்வில் உலகின் முன்வரிசையில் நிற்கும் தென்கொரியப் பிள்ளைகள் 6.4 என்றார்கள். தேர்வில் பின்தங்கிய மெக்சிகோவின் பிள்ளைகள் 8.3 என்றார்கள். இந்த இரண்டை மட்டும் பார்த்தால், படிப்பு ஏறினால் நிம்மதி இறங்கும் என்று முடிவு கட்டத் தோன்றும். நம்மில் பலர் எந்தப் புள்ளிவிவரமும் பார்க்காமலே கட்டிவைத்திருக்கும் முடிவும் அதுதான். ஆனால் அதே பட்டியலில் பின்லாந்தும் இருக்கிறது. அங்கே தேர்விலும் முன்னணி, திருப்தியும் 7.9. துருக்கியும் இருக்கிறது. அங்கே தேர்விலும் பின்னடைவு, திருப்தியும் 6.1 தான். ஆக எந்தச் சேர்க்கைக்கும் ஒரு நாட்டை உதாரணம் காட்டலாம். பிள்ளைகளின் மனநிறைவைத் தீர்மானிப்பது மதிப்பெண்ணோ பாடச்சுமையோ மட்டும் என்றால் இப்படி நடக்காது. வேறு ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்வது சில சமூகங்களில் இயல்பு, சில சமூகங்களில் கூச்சம். கிழக்காசியப் பிள்ளைகள் நடுவிலிருக்கும் எண்ணைத் தேடிப்போவதும், லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் பத்தைத் தொடத் தயங்காததும் ஓரளவு பழக்கம் சார்ந்தவை. அதனால் ஒரே நாட்டுக்குள், பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தபோது, திருப்தி அதிகமாக இருந்த பள்ளிகளின் பிள்ளைகள் பெரும்பாலான நாடுகளில் ஆசிரியரின் துணை தங்களுக்கு அதிகம் கிடைப்பதாகச் சொன்னார்கள். தேர்வைப் பற்றிய பதற்றத்தைத் துருவியபோது இன்னொரு விஷயம் வெளிவந்தது. நன்றாகத் தயாரித்திருந்தாலும் தேர்வுக்கு முன் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்றவர்கள் 55 சதவீதம். ஆனால் பள்ளி எத்தனை முறை தேர்வு வைக்கிறது என்பதற்கும் அந்தப் பதற்றத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. தடுமாறும்போது ஆசிரியர் பக்கத்தில் வந்து தனியாக விளக்குகிறார் என்று சொன்ன பிள்ளைகளிடம் பதற்றம் குறைவாக இருந்தது. வாராவாரம் ஸ்லிப் டெஸ்ட் வைப்பதா வேண்டாமா என்று நாம் போடும் சண்டையில் கேட்க மறக்கும் கேள்வி இது. டெஸ்ட் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? மதிப்பெண்ணை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்து, ரேங்க் வாரியாக எழுந்து நிற்கச் சொல்கிறார்களா, தவறிய இடத்தைக் காட்டி உட்காரச் சொல்கிறார்களா? இரண்டுமே தேர்வுதான். இரண்டும் ஒரே பள்ளிக்கூடம் ஆகாது. பொதுத்தேர்வு என்னும் ஒற்றைப் பெருந்தேர்வுக்கு இந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாதுதான். ஆனாலும் அந்தத் தேர்வுக்கு முன்னால் இருக்கும் ஆயிரம் சாதாரண நாட்களுக்கு இது பொருந்தும்.

பள்ளிச் சூழல் என்று ஆய்வாளர்கள் பேசுவது இதைத்தான். கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் அதில் சின்னப் பகுதி. அங்கே பாதுகாப்பாக உணர்கிறேனா, விதிகள் எல்லோருக்கும் ஒன்றா, என்னைக் கவனிக்கும் பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா, நான் சொன்னால் யாராவது காதில் வாங்குகிறார்களா, இது என் பள்ளி என்று தோன்றுகிறதா என்பவை பெரிய பகுதி. இந்தக் கணக்கில் இந்தியா எங்கே நிற்கிறது என்றால், நிற்கவே இல்லை. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த பீசாவில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அதற்குப் பிந்தைய முடிவுகளில் இந்தியப் பள்ளிகள் இல்லை. நம்மிடம் இருப்பது 2022ல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட மனநல ஆய்வு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 3.79 லட்சம் மாணவர்கள் பதில் சொன்னார்கள். பள்ளி வாழ்க்கை திருப்தி என்றவர்கள் 73 சதவீதம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதே ஆய்வில் படிப்பும் தேர்வும் ரிசல்ட்டும் கவலைக்குக் காரணம் என்றவர்கள் 81 சதவீதம். நடுநிலை வகுப்புகளிலிருந்து உயர்நிலைக்கு ஏற ஏற, பள்ளியைப் பற்றிய திருப்தியும் சொந்த வாழ்க்கையைப் பற்றிய திருப்தியும் சேர்ந்தே இறங்கின. இரண்டும் கைகோத்து இறங்குவதைப் பார்த்து, ஒன்றுதான் மற்றதை இழுக்கிறது என்று சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பார்கள் புள்ளியியல் தெரிந்தவர்கள். அவர்கள் எழுப்பும் ஆட்சேபம் வலுவானது. மனம் சரியில்லாத பிள்ளைக்கு வாத்தியார் முகமும் கடுகடுவென்றுதான் தெரியும். வீட்டில் நிம்மதி உள்ள பிள்ளை பள்ளியிலும் நல்லதையே பார்க்கும். ஒரே பிள்ளையிடம் 'உன் பள்ளி எப்படி, உன் வாழ்க்கை எப்படி' என்று ஒரே தாளில் கேட்டுவிட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போகின்றன என்று ஆச்சரியப்பட்டால், அது ஒரே மனநிலையை இரண்டு முறை அளந்ததாகத்தான் இருக்கும். போதாக்குறைக்குப் பதினான்கு, பதினைந்து என்பதே திருப்தி குறையும் வயது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் நம்பாத ஆய்வுகள் வேண்டும். முதல் பெரிய முயற்சி லண்டனில் நடந்தது. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் கூட்டாளிகளும் நகரின் உட்பகுதியில் 12 மேல்நிலைப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1979ல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பிள்ளைகள் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தார்கள், சேரும்போது எப்படிப் படித்தார்கள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், பள்ளிக்கும் பள்ளிக்கும் வருகையிலும் நடத்தையிலும் தேர்ச்சியிலும் பெரிய வேறுபாடு மிஞ்சியது. அதைக் கட்டடத்தின் வயதோ இடவசதியோ விளக்கவில்லை. பாராட்டு எவ்வளவு, தண்டனை எவ்வளவு, பிள்ளைகளின் வேலைகள் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றனவா, எத்தனை மாணவர்களுக்கு ஏதாவதொரு பொறுப்பு தரப்பட்டிருக்கிறது, ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்பவைதான் விளக்கின. ரட்டர் மனநிறைவை அளக்கவில்லை. ஆனால் பள்ளியின் குணம் என்று ஒன்று உண்டு, அது அன்றாடப் பழக்கங்களால் ஆனது, அதைக் கண்ணால் பார்த்து எண்ண முடியும் என்பதை நிலைநாட்டினார். அடுத்த படி, அந்தக் குணத்தை வெளியிலிருந்து மாற்றிப் பார்ப்பது. மாற்றினால் பிள்ளைகள் மாறுகிறார்களா?

அப்படி நடந்த சோதனைகளில் பெரிய பலன் காட்டியது உலகின் வசதியான எந்த மூலையிலும் நடக்கவில்லை. பீகார் மாநிலத்து நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. கோவாவில் தொடங்கப்பட்ட சங்கத் என்னும் மனநலத் தொண்டு நிறுவனமும், விக்ரம் படேல், சச்சின் ஷிண்டே உள்ளிட்ட ஆய்வாளர்களும் 2015ல் தொடங்கிய செஹர் திட்டம் அது. 74 பள்ளிகள், பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் அரசு ஏற்கெனவே நடத்திவந்த வளரிளம் பருவக் கல்வி வகுப்பு மட்டும். இரண்டாவது பகுதியில், அதோடு சேர்த்துப் பள்ளிச் சூழலை மாற்றும் திட்டம், அதை நடத்துபவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர். மூன்றாவது பகுதியில் அதே திட்டம், நடத்துபவர் மட்டும் வேறு. பள்ளிக்கு ஒருவராக வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட இளம் பட்டதாரி. அவரை 'மித்ரா' என்று அழைத்தார்கள். உளவியல் பட்டம் அவரிடம் கேட்கப்படவில்லை, பயிற்சி மட்டும் தரப்பட்டது. அவர் செய்த வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பிரமாதமாகத் தெரியாது. காலைப் பிரேயரில் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுவார். பிள்ளைகளே எழுதி வரைந்து ஒட்டும் சுவர்ப்பத்திரிகை ஒன்று நடக்கும். குறையையும் கேள்வியையும் பெயர் போட்டோ போடாமலோ எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கும். அதில் விழுந்த சீட்டுகளுக்குப் பதில் வரும். பத்துப் பதினைந்து பேர் கொண்ட மாணவர் குழுக்கள் கூடி, தங்கள் பிரச்சினை எது, அதற்கு என்ன செய்யலாம் என்று பேசும். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், மாணவர் எல்லோரும் உட்காரும் குழு ஒன்று கூடி முடிவெடுக்கும். தனியாகப் பேச விரும்பும் பிள்ளைக்கு அவர் நேரம் ஒதுக்குவார். அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து அளந்தார்கள். ஆசிரியர் துணை, பள்ளியோடு ஒட்டுதல், பங்கேற்பு, படிப்பில் பிடிப்பு என நான்கு கோணங்களில் 28 கேள்விகள். மித்ரா இருந்த பள்ளிகள் வழக்கமான பள்ளிகளைவிட அதில் ஏழு புள்ளிக்கும் மேல் உயர்ந்திருந்தன. இந்த மாதிரி ஆய்வுகளில் இது மிகப் பெரிய வேறுபாடு. சூழல் மட்டும் மாறவில்லை. பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன, ஒருவரை ஒருவர் சீண்டித் துன்புறுத்துவது குறைந்தது, வன்முறைக்கு ஆளாவதும் வன்முறையில் இறங்குவதும் குறைந்தன, ஆண் பெண் சமத்துவம் பற்றிய எண்ணம் மேம்பட்டது. இந்த முடிவுகள் 2018ல் லான்செட் இதழில் வந்தன. அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பு போன பிறகும் திட்டம் தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டில் பலன் தேயவில்லை, மனச்சோர்விலும் சீண்டலிலும் வேறுபாடு இன்னும் அகன்றது. திருப்தியின் அளவுகோலை இந்த ஆய்வு நேரடியாகப் பயன்படுத்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதின்பருவத்தில் மனச்சோர்வும் திருப்தியும் எதிரெதிர்த் திசையில் போகின்றவை. அதோடு குலுக்கலில் பிரித்த பள்ளிகள் என்பதால், சந்தோஷமான பிள்ளைகள்தான் பள்ளியைப் புகழ்கிறார்கள் என்ற வாதம் இங்கே முழுசாக எடுபடாது. சூழல் முதலில் மாற்றப்பட்டது, பிள்ளைகள் பிறகு மாறினார்கள். இதெல்லாம் ஒருபுறம் இருக்க, இந்த ஆய்வின் உண்மையான அதிர்ச்சி மற்ற பகுதியில் இருக்கிறது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எதுவுமே மாறவில்லை. அதே கையேடு, அதே பெட்டி, அதே சுவர்ப்பத்திரிகை. பலன், வழக்கமான பள்ளிகளோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ பூஜ்யம்.

இதை வைத்து ஆசிரியர்களைக் குறைசொல்லக் கிளம்பினால் ஆய்வைத் தலைகீழாகப் படித்தவர்கள் ஆவோம். ஆசிரியரால் சூழல் மாறாது என்றால், பீசாவில் ஆசிரியர் துணைக்கும் திருப்திக்கும் கண்ட தொடர்பு பொய்யாகிவிடும். அப்படி இல்லை. மித்ரா இருந்த பள்ளிகளில் உயர்ந்தவற்றுள் ஒன்று ஆசிரியர் மாணவர் உறவு. வேறுபாடு நேரத்திலும் நாற்காலியிலும் இருக்கிறது. மித்ராவுக்கு அதுதான் வேலை, ஆசிரியருக்கு அது பத்தாவது வேலை. நம் ஊர் அரசுப் பள்ளியில் ஒரு கிளாஸ் டீச்சரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பீரியடுக்கு முன் வருகைப்பதிவை மொபைலில் ஏற்ற வேண்டும். கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏதோ ஒரு பதிவு பாக்கி இருக்கும். விலையில்லாச் சைக்கிளுக்கும் உதவித்தொகைக்கும் பட்டியல், வங்கிக் கணக்கு எண் சரிபார்ப்பு, நடுவில் குறுவள மையத்தில் (சி.ஆர்.சி.) பயிற்சி, வருஷத்தில் சில வாரம் வாக்காளர் பட்டியல் வேலை. இவற்றுக்கு இடையில் ஐந்தாறு பீரியட் பாடம், திருத்தவேண்டிய நோட்டுக் கட்டு. இப்படிப்பட்டவரிடம் 'இனி பிள்ளைகளின் மனதையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சுற்றறிக்கை போனால், அது கையெழுத்து வாங்கிக்கொண்டு கோப்பில் போய்ச் சேரும். நாற்காலி என்று சொன்னது இன்னொன்றை. மதிப்பெண் போடுகிறவர், பெற்றோரைக் கூட்டிவரச் சொல்கிறவர், நாளைக்கு டி.சி.யில் நடத்தை 'நன்று' என்று எழுதவேண்டியவர், இவரிடம் ஒரு பதினைந்து வயதுப் பெண் தன்னைத் தொந்தரவு செய்பவன் யார் என்று சொல்வாளா? அவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே இரண்டாம்பட்சம். அதிகாரம் இல்லாத ஒரு பெரியவர் பள்ளிக்குள் இருப்பது, அதிகாரம் உள்ளவர்களோடு பேசும் வழியையும் திறந்துவிடுகிறது என்பதே நாளந்தாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

ஒரு மாவட்டத்தில் நடந்ததை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, எழுத முடியாது என்பதே நேர்மையான பதில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கேட்ஹவுஸ் என்ற பெயரில் 26 பள்ளிகளில் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. அதில் புகை, மது போன்ற பழக்கங்கள் குறைந்தன, மனச்சோர்வு அசையவில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தில் 40 பள்ளிகளில் கிறிஸ் போனெல் குழுவினர் மூன்றாண்டு நடத்திய சோதனையில், மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த குழுவே பள்ளியின் விதிகளைத் திருத்தியது. சண்டை வந்தால் தண்டித்து அனுப்பாமல், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்த்தார்கள். சீண்டல் சற்றே குறைந்தது, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைத் தரத்தையும் மனநலத்தையும் உயர்வாக மதிப்பிட்டார்கள், ஆனால் முரட்டுத்தனம் குறையவில்லை. பலன் உண்டு, ஆனால் நாளந்தா அளவுக்குப் பெரிது இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. ஆசிரியர் பற்றாக்குறையும் கூட்டமும் நிறைந்த பீகார் பள்ளியில் பிள்ளை சொல்வதைக் கேட்க ஓர் ஆள் புதிதாக வருவது பெரிய மாற்றம். ஏற்கெனவே பல ஏற்பாடுகள் உள்ள இங்கிலாந்துப் பள்ளியில் அது இன்னுமொரு ஏற்பாடு. எங்கே குறை அதிகமோ அங்கே சிறு முயற்சிக்கும் பலன் அதிகம் என்றால், அது நமக்குத்தான் நல்ல செய்தி.

வீடுதானே எல்லாம், பள்ளி எம்மாத்திரம் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. பிள்ளைகளின் திருப்தியில் உள்ள வேறுபாட்டில் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான பங்கு சிறிது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோர் பிள்ளையோடு சும்மா உட்கார்ந்து பேசும் வீடுகளில் திருப்தி கூடுதல் என்று பீசாவே சொல்கிறது. ஆனால் 'பள்ளிகளுக்கு இடையே வேறுபாடு சிறிது' என்பதை 'பள்ளிக்குப் பங்கு சிறிது' என்று படிப்பது பிழை. ஒரே பள்ளிக்குள் ஒரு பிள்ளைக்கு வாய்க்கும் சூழல் இன்னொன்றுக்கு வாய்ப்பதில்லை. முதல் பெஞ்சுக்கு ஒரு பள்ளி, கடைசிப் பெஞ்சுக்கு ஒரு பள்ளி. 'ஏ' செக்ஷனுக்கு மாவட்டத்தின் நல்ல கணக்கு ஆசிரியர், 'டி' செக்ஷனுக்கு காலியிடம். 2015 பீசாவில் வாழ்க்கை மிகவும் திருப்தி என்று சொன்னவர்கள் ஆண்பிள்ளைகளில் 39 சதவீதம், பெண்பிள்ளைகளில் 29 சதவீதம். அவர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். பள்ளிச் சராசரி இதையெல்லாம் விழுங்கிவிடும்.

சூழலை மாற்றுவது கஷ்டம் என்று தெரிந்ததும், பிள்ளையை மாற்றிவிடலாம் என்ற யோசனை எல்லா நாட்டிலும் எழுகிறது. வாரம் ஒரு பீரியட் தியானம், நேர்மறைச் சிந்தனை, மகிழ்ச்சிப் பாடம். பிரிட்டனில் மிரியாட் என்ற பெரிய ஆய்வு 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சோதித்தது. ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் மனநிறை தியானம் கற்றுக்கொடுத்தார்கள். 2022ல் வந்த முடிவுப்படி, பிள்ளைகளின் மனநலத்தில் வழக்கமான பள்ளிகளைவிட எந்த மேம்பாடும் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் பள்ளியில், சீண்டுகிறவன் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் வகுப்பில், நாற்பது நிமிடம் மூச்சைக் கவனி என்று சொல்வதால் என்ன ஆகிவிடும்?

கண்டிப்பு போய்விடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். பிள்ளை மனசு நோகாமல் நடத்தினால் படிப்பும் ஒழுங்கும் கெடும், அடித்து வளர்த்த காலத்தில்தான் பிள்ளைகள் உருப்பட்டார்கள் என்ற பேச்சு இன்றைக்கும் டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை கேட்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து டூயி கார்னல் பல ஆண்டுகளாக அந்த மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து சொல்வது வேறு. விதிகள் கண்டிப்பாகவும் அதே நேரம் நியாயமாகவும் இருப்பது ஒன்று, ஆசிரியர்கள் பிள்ளைகளை மதித்து அக்கறை காட்டுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்த பள்ளிகளில்தான் சீண்டல் குறைவு, படிப்பில் ஈடுபாடு அதிகம். ஒன்றை விட்டு ஒன்று வேலைக்கு ஆகாது. கூச்சலும் குழப்பமுமான வகுப்பு எந்தப் பிள்ளைக்கும் சுகமில்லை, சாதுவான பிள்ளைக்கு அது நரகம். மதிப்பெண் என்ற கணக்கிலேயே பேசினாலும், 2018 பீசாவில் அடிக்கடி சீண்டலுக்கு ஆளான பிள்ளைகள், குடும்ப வசதியைக் கழித்துப் பார்த்த பிறகும், வாசிப்பில் 21 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு மாதத்தில் சில தடவையாவது சீண்டப்படுவதாகச் சொன்னவர்கள் ஓ.இ.சி.டி. நாடுகளில் 23 சதவீதம். நாலில் ஒரு பிள்ளை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு சாதியைத் தொடாமல் முடியாது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறம் எந்தச் சாதி என்று சொல்லும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைக் கயிறு தீர்மானிக்கும். வெளியூரிலிருந்து வரும் அதிகாரியின் கண்ணுக்கு அது சும்மா ஒரு கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் சொன்ன பிளஸ் டூ தலித் மாணவர், உடன்படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஒரு பெரியவரிடம் சொல்லு, பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் இந்த இடத்தில் நொறுங்கிவிடுகிறது. சொன்னதுதான் வெட்டுக்குக் காரணம். புகார் கேட்கும் காது இருந்தால் மட்டும் போதாது, புகார் சொன்னவனைக் காக்கும் கையும் பள்ளிக்கு வேண்டும். இதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்குவது என்ற பரிந்துரைகள்தான் செய்திகளில் அடிபட்டன, அரசியலும் அவற்றைச் சுற்றியே நடந்தது. ஒரு பள்ளியின் சூழல் அதில் படிக்கும் அத்தனை பேருக்கும் ஒன்று என்ற கற்பனையை அந்த அறிக்கை அரசு ஆவணமாகவே உடைத்தது.

நாளந்தாவில் செய்தவற்றின் சாயல் இங்கே இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். 14417 என்ற உதவி எண் பாடப்புத்தகத்திலும் சுவரிலும் இருக்கிறது. 2024ல் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள், வகுப்பு வேறுபாடு இல்லாமல் கலந்து சேர்த்த பிள்ளைகள். கயிற்றின் நிறத்தால் சேர்ந்தவர்கள் ஒரு நிறக் கொடியின் கீழ் கலந்து நிற்பதற்கு இது வழி என்பதால் எனக்கு நம்பிக்கை தரும் ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் பகுதியில் வந்த பூஜ்யத்தை நினைத்துக்கொண்டுதான் இவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை திறக்கிறார்கள், உள்ளே கிடக்கும் சீட்டு ஓர் ஆசிரியரைப் பற்றியே என்றால் அதைப் படிப்பவர் அவரோடு அதே ஸ்டாஃப் ரூமில் உட்காருபவரா? சந்துரு குழுவின் அறிக்கையில் அதிகம் பேசப்படாத பரிந்துரை ஒன்று இங்கே பொருந்துகிறது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று தனிப் பணியிடம் வேண்டும் என்கிறது அது. நாளந்தாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். ஆகவே ஆள் கிடைக்காது என்ற சாக்கு செல்லாது. 500க்குக் குறைந்த கிராமத்துப் பள்ளிகளுக்கு, இரண்டு மூன்றுக்கு ஒருவர் என்று பகிர்ந்து போடலாம். அந்தப் பணியிடத்துக்கு அரசாணை வரும் நாளில், தகுதியும் சம்பளமும் எழுதும் பத்திக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இவருக்குப் பாடவேளை, எமிஸ் பதிவு, தேர்தல் பணி எதுவும் ஒதுக்கக் கூடாது என்று.